புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? பழுதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, அரை நாள் உட்கார்ந்து மாட்டி முடித்து, பவர் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. அல்லது விசிறிகள் சுற்றுகின்றன, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. உடனே "மதர்போர்டு போய்விட்டது" என்றுதான் தோன்றும். அவசரப்பட வேண்டாம். புதுக் கம்ப்யூட்டர் ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பழுதான பாகம் அல்ல. முழுதாக உள்ளே போகாத ஒரு கனெக்டர், தவறான ஸ்லாட்டில் செருகிய ராம், புது ப்ராசஸரை அறியாத பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்), இடம் மாறிய ஒரு ஒயர் என்று சின்னச் சின்னக் காரணங்கள்தான் அதிகம்.

அதனால் இரண்டு விஷயங்களை விடாமல் பின்பற்றுங்கள். ஒன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ராமையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, பயாஸையும் ரீசெட் செய்தபின் கம்ப்யூட்டர் ஓடினால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அதே பழுது அடுத்த வாரம் திரும்பி வரும். இரண்டு, புதுப் பாகம் வாங்கி மாட்டிப் பார்ப்பதற்கு முன், இருக்கும் பாகங்களைக் கழற்றிக் குறைத்துப் பாருங்கள்.

பட்டனை அமுக்கியதும் உள்ளே என்ன நடக்கிறது

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க, சரியாக ஓடும் கம்ப்யூட்டரில் என்ன வரிசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சுவரில் சுவிட்சைப் போட்டதுமே எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் சில போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எரிவது இதனால்தான். நீங்கள் பட்டனை அமுக்கினால் போர்டு 24 பின் கனெக்டரில் உள்ள பச்சை ஒயரைத் தரையோடு இணைக்கும். அதைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் திறந்துவிடும். இவை நிலைப்பட்டதும், 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள், "மின்சாரம் சரி" என்ற சைகை சாம்பல் நிற ஒயர் வழியாகப் போகும். அதற்குப் பிறகுதான் ப்ராசஸர் விழித்து பயாஸை ஓட்டும். பயாஸ் முதலில் ப்ராசஸரையும், அடுத்து ராமையும், பிறகு கிராபிக்ஸையும், கடைசியில் ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் டிரைவையும் சோதிக்கும்.

இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான்கு நிலைகளில் உங்களுடையது எது என்று பாருங்கள்: சுத்தமாக உயிரே இல்லை, ஒரு நொடி ஓடி நின்றுவிடுகிறது, ஓடினாலும் டிஸ்ப்ளே வரவில்லை, டிஸ்ப்ளே வந்தாலும் விண்டோஸ் வரவில்லை.

தொடங்கும் முன்

எந்த ஒயரைத் தொடும் முன்பும் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொண்டால் நிலைமின்சாரப் பிரச்சினை வராது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 முதல் 400 வோல்ட் வரை நிற்கும். கார்டைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அங்கேயே இருக்கும்.

பழைய வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் கை சுருசுருவென்று இருந்தால், அந்தப் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்வழி ஃபில்டரிலிருந்து கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. கம்ப்யூட்டர் பழுதைப் பார்ப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடுங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

கைக்குத் தேவையானவை: காந்த முனையுள்ள ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், மல்டிமீட்டர், ஒரு பென் டிரைவ், மதர்போர்டின் கையேடு. கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் பெயரைப் போட்டு இறக்கிக்கொள்ளலாம்.

நிலை 1: சுத்தமாக உயிரே இல்லை

விசிறி அசையவில்லை, விளக்கு எரியவில்லை. இங்கே ப்ராசஸரையோ ராமையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. மின்சாரம் வந்து சேரவில்லை, அல்லது பட்டனின் கட்டளை போர்டுக்குப் போகவில்லை. இரண்டில் ஒன்றுதான்.

முதலில் அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். யுபிஎஸ் வழியாக இணைத்திருந்தால் அதை விலக்கி நேரே சுவரில் செருகுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சுவிட்ச் "I" பக்கம் அமுங்கியிருக்க வேண்டும். "O" என்றால் அணைந்திருக்கிறது. விலை குறைந்த சில எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்லைடர் இருக்கும். நம் ஊர் மின்சாரத்துக்கு அது 230-இல் இருந்தே ஆக வேண்டும். 115-இல் வைத்துச் சுவிட்சைப் போட்டிருந்தால் ஒரு வெடிச் சத்தத்தோடு அந்த எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்.

அடுத்து 24 பின் கனெக்டர். புதுப் போர்டில் இது மிகவும் இறுக்கமாக இருக்கும். உள்ளே போனது போலத் தெரிந்தாலும் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். போர்டின் ஓரத்தைக் கீழிருந்து ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கொக்கி "க்ளிக்" என்று மாட்டும்வரை அழுத்துங்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் கேபிளின் மறுமுனையையும் அதேபோல அழுத்திப் பாருங்கள். அந்த முனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இவை சரி என்றால் கேபினெட்டின் முன்பக்க ஒயர்கள். போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஐந்து பின். ஒரு மூலையில் மட்டும் பின் இருக்காது. இன்றைய போர்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்த அமைப்பு ஒன்றுதான்: பின் இல்லாத அந்த இடத்துக்குப் பக்கத்தில், அதே வரிசையில் உள்ள இரண்டு பின்கள் பவர் சுவிட்ச். அதே வரிசையின் மற்ற இரண்டும் பவர் எல்இடி. எதிர் வரிசையில் பவர் சுவிட்சுக்கு நேர் எதிரே உள்ளவை ரீசெட், பவர் எல்இடிக்கு எதிரே உள்ளவை ஹார்டு டிஸ்க் விளக்கு. சுவிட்ச் ஒயர்களைத் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். எல்இடி ஒயர்களுக்குத்தான் பிளஸ், மைனஸ் உண்டு.

கேபினெட் பட்டனே பழுதா என்று அறிய, அந்த ஒயர்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி மட்டும் சேர்த்துத் தொடுங்கள். கம்ப்யூட்டர் ஓடினால் பட்டனோ அதன் ஒயரோதான் குற்றவாளி. அங்கே ஓடுவது மிகக் குறைந்த மின்னழுத்தம், ஷாக் அடிக்காது. ஆனால் நுனி வழுக்கி வேறு பின்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் அசைவு இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எல்லாக் கனெக்டர்களையும் பாகங்களிலிருந்து கழற்றுங்கள். ஒரு கேபினெட் விசிறியை மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸோடு இணைத்து வையுங்கள். பவர் கார்டைப் பிடுங்கிய நிலையில், 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் துளையையும் அதை ஒட்டியிருக்கும் கறுப்பு ஒயர் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். அதாவது 16-ஆம், 17-ஆம் பின்கள். ஒயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் கையேட்டில் உள்ள பின் வரைபடத்தைப் பாருங்கள், குத்துமதிப்பாக எண்ண வேண்டாம். பிறகு கார்டைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் குறைந்தபட்சம் உயிர் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த விசிறியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல மாடல்கள் பல, சுமை குறைவாக இருந்தால் தங்கள் விசிறியைச் சுற்றுவதே இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். 12 வோல்ட் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் ஒயரில் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் ஒயரில் 3.14 முதல் 3.47 வரை வர வேண்டும். பச்சை ஒயரை இணைக்காமலேயே ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் வர வேண்டும். அது வரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நிலை 2: ஒரு நொடி ஓடி நின்றுவிடுகிறது

எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கவனியுங்கள். அந்த நேரமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு முறையும் நான்கைந்து நொடி ஓடி அணைந்தால், பவர் பட்டன் உள்ளே சிக்கி அமுங்கியே நிற்கிறது. பட்டனைத் தொடர்ந்து நான்கு நொடி அமுக்கினால் கம்ப்யூட்டர் அணைய வேண்டும் என்பது விதி. போர்டு அதைத்தான் செய்கிறது. முன்பக்க ஒயர்களைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் ஆன் செய்து பாருங்கள்.

அரை நொடி அசைந்து உடனே நின்றால் எங்கேயோ ஷார்ட் ஆகிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. போர்டுக்கு அடியில் இருக்கும் பித்தளைத் தாங்கிகளை முதலில் சந்தேகியுங்கள். முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டுக்கு வழக்கமாக 9 துளைகள். கேபினெட்டில் ஏற்கெனவே மாட்டி வந்த தாங்கி ஒன்று, போர்டில் துளை இல்லாத இடத்தில் நின்றால் பின்பக்கத்து சால்டரில் நேராக முட்டும். கீழே விழுந்து காணாமல் போன ஸ்க்ரூ, பின்பக்கத் தகட்டின் நாக்கு ஒன்று யுஎஸ்பி துளைக்குள் மடங்கிக் கிடப்பது ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

இதைவிட ஆபத்தானது கேபிள் குழப்பம். ப்ராசஸருக்கான 8 பின் கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் தரையும் இரண்டிலும் எதிரெதிர் பக்கம். ப்ராசஸர் கேபிள் 4+4 என்று பிரியும், கார்டு கேபிள் 6+2 என்று பிரியும். அதை வைத்து அடையாளம் காணுங்கள். அதேபோல, பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிள் புதியதில் செருகப் போனாலும் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்க முனையின் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையில்கூட மாறும். தவறான கேபிளால் ஒரே நொடியில் எஸ்எஸ்டியும் போர்டும் எரிந்துபோகும்.

அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடிவிட்டு அணைந்தால் ப்ராசஸர் சூடாகிறது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருக்கலாம். லிக்விட் கூலர் என்றால் பம்ப்புக்கான ஒயர் மாட்டப்படாமல் இருக்கலாம். கழற்றும்போது பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து மாட்டுங்கள்.

தானாக அணைந்து தானாகவே மீண்டும் எழுவது எப்போதும் பழுது அல்ல. டிடிஆர்5 (புதிய வகை ராம்) போர்டுகள் முதல்முறை ராமைப் பழகும்போது இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யும். இதைப் பற்றி அடுத்த பகுதியில்.

நிலை 3: ஓடுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

புது அசெம்பிளிகளில் அதிகமானவை நிற்கும் இடம் இதுதான்.

டிடிஆர்5 ராம் என்றால் முதலில் எதையும் கழற்றாமல் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருங்கள். முதல்முறை ஆன் செய்யும்போது ராமும் ப்ராசஸரும் எந்த நேர அளவுகளில் பேசிக்கொள்வது என்பதை பயாஸ் ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவு செய்யும். ரைசன் 7000 வரிசை வந்த பிறகு இந்தக் காத்திருப்பு பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. திரை கறுப்பாக இருக்கும், போர்டில் ராம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். 64 ஜிபி போன்ற பெரிய கொள்ளளவு என்றால் இன்னும் நேரமாகும். பொறுமையிழந்து நடுவில் அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும்.

காத்திருந்தும் பயன் இல்லையென்றால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. இன்டெல்லில் மாடல் எண்ணின் முடிவில் எஃப் எழுத்து வரும் 12400எஃப் போன்ற ப்ராசஸர்களிலும், ஏஎம்டியில் ரைசன் 5 5600, 7500எஃப் போன்றவற்றிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. அவற்றோடு போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் எதைச் செருகினாலும் படம் வராது. தனிக் கார்டு இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தவே முடியாது. மானிட்டரில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி போர்டின் ஓரத்தைப் பாருங்கள். ஆசூஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஏஎஸ்ராக் போர்டுகள் பலவற்றில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிரைவ்). ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து நகர வேண்டும். எதில் அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. விளக்கு இல்லாத போர்டு என்றால் ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கி அதற்கான 4 பின் இடத்தில் மாட்டுங்கள். ஆசூஸ் போர்டில் ஒரு நீண்ட பீப், இரண்டு குறுகிய பீப் என்றால் ராமைக் காணவில்லை. ஒரு நீண்டது, மூன்று குறுகியது என்றால் கிராபிக்ஸைக் காணவில்லை. மற்ற கம்பெனிகளின் சங்கேதம் வேறு, அவரவர் கையேட்டைப் பாருங்கள்.

டிராம் விளக்கில் நின்றால்: இரண்டு ராம்களும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். கையேட்டில் இவை ஏ2, பி2. கழற்றி, தங்க நிறப் பின்களை விரலால் தொடாமல், மீண்டும் இரு முனைகளிலும் சம அழுத்தம் கொடுத்துச் செருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டுகளில் கொக்கி இல்லாத முனை மேலே தூக்கிக்கொண்டு நிற்பது மிகச் சாதாரணம். பிறகு ஒரே ஒரு ராமை ஏ2-வில் வைத்து முயலுங்கள். அடுத்து இன்னொரு ராமை அதே ஸ்லாட்டில். ஒரு ராம் எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை, மற்றது ஓடுகிறது என்றால் ராம் பழுது. இரண்டு ராமும் ஒரு பக்க ஸ்லாட்டுகளில் மட்டும் ஓடவில்லை என்றால் ராமைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ராமைக் கட்டுப்படுத்தும் சுற்று ப்ராசஸருக்குள் இருக்கிறது. அப்படியானால் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம், அல்லது கூலரின் ஸ்க்ரூக்களை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கியதால் ப்ராசஸர் சாய்ந்து தொடர்பு விட்டிருக்கலாம். கூலரைத் தளர்த்தி, குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்கிப் பாருங்கள்.

சிபியு விளக்கில் நின்றால்: முதலில் போர்டின் மேல் இடது மூலையில் உள்ள 8 பின் கனெக்டர். இது மறந்துபோனால் விசிறிகள் சுற்றும், வேறொன்றும் நடக்காது. கூலரை மாட்டிய பிறகு கை போகாத இடத்தில் இருப்பதால்தான் இது அடிக்கடி விடுபடுகிறது. சில போர்டுகளில் இதற்குப் பக்கத்தில் கூடுதலாக 4 பின் அல்லது இன்னொரு 8 பின் இருக்கும். சாதாரண ப்ராசஸர்களுக்கு அது காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் ஓடும்.

மின்சாரம் சரி என்றால் பயாஸ் வயதைக் கணக்கிடுங்கள். பி650 போர்டுகள் 2022 அக்டோபரில் வந்தன, ரைசன் 9000 ப்ராசஸர்கள் 2024 ஆகஸ்டில். பி660 போர்டு 2022 ஜனவரியில் வந்தது, 13-ஆம் தலைமுறை இன்டெல் அதே ஆண்டு அக்டோபரில். பி550 2020 ஜூனில், ரைசன் 5000 நவம்பரில். சாக்கெட் ஒன்றுதான், ப்ராசஸர் அழகாகப் பொருந்தும். ஆனால் கடையில் நீண்ட நாள் கிடந்த போர்டுக்கு அப்படி ஒரு ப்ராசஸர் இருப்பதே தெரியாது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலில், உங்கள் ப்ராசஸருக்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு தேவை என்று எழுதியிருக்கும்.

போர்டின் பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் ப்ராசஸர், ராம் எதுவும் இல்லாமலேயே புதுப்பிக்கலாம்:

1. வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.
2. உங்கள் போர்டின் சரியான மாடல், சரியான திருத்தப் பதிப்புக்கான பயாஸை இறக்கி, சுருக்கிய கோப்பை விரித்து, கையேடு சொல்லும் பெயரை அதற்கு வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் போர்டு கண்டுகொள்ளாது.
3. அந்தக் கோப்பை மட்டும் பென் டிரைவில் வைத்து, பின்பக்கத்தில் இதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகுங்கள்.
4. 24 பின், 8 பின் இரண்டையும் இணைத்து, எஸ்எம்பிஎஸ் சுவிட்சைப் போட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல், ஃபிளாஷ்பேக் பட்டனைக் கையேடு சொல்லும் நேரம் அமுக்குங்கள்.
5. விளக்கு மின்னத் தொடங்கும். அது நிற்கும்வரை, ஐந்து முதல் பத்து நிமிடம், எதையும் தொடாதீர்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் இதை யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

பட்டன் இல்லாத போர்டு என்றால் வாங்கிய கடைக்கே எடுத்துப் போவதுதான் வழி. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வாங்கியிருந்தால், பழைய ப்ராசஸர் ஒன்றை மாட்டி பயாஸை ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

அதன் பிறகும் சிபியு விளக்கு நின்றால் மட்டும் ப்ராசஸரைக் கழற்றுங்கள். இன்டெல் எல்ஜிஏ1700, ஏஎம்டி ஏஎம்5 இரண்டிலும் பின்கள் போர்டில் இருக்கும். ஏஎம்4-இல் ப்ராசஸரில் இருக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்து, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பின்கள் எல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும். வளைந்த பின் மட்டும் வேறு திசையில் மின்னும். ஏஎம்4 ப்ராசஸரின் பின்னை, லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் நுனிக்குள் நுழைத்து மெல்ல நிமிர்த்தலாம். போர்டு சாக்கெட்டின் பின்கள் மயிரிழை போன்றவை, அனுபவம் இல்லாத கை தொட்டால் ஒன்று நான்காகும்.

விஜிஏ விளக்கில் நின்றால்: கார்டைக் கழற்றி, ஸ்லாட்டின் கொக்கி மாட்டும்வரை மீண்டும் செருகுங்கள். கேபினெட் தகடு கார்டின் பின்முனையைத் தூக்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி கேபிள்கள் போக வேண்டும். புதிய 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளி இல்லாமல் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும், வாயிலேயே ஒயரை மடக்கக் கூடாது. அரைகுறையாகச் செருகினால் டிஸ்ப்ளே வராதது மட்டுமல்ல, கனெக்டரே உருகும். ப்ராசஸரில் உள் கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு போர்டில் மானிட்டரை மாட்டிப் பாருங்கள். கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் தரம்) மூன்றாம் தலைமுறை ரைசரில் நான்காம் தலைமுறை கார்டு பல நேரம் தடுமாறும்.

விளக்குகள் தெளிவாக எதையும் சொல்லவில்லை என்றால் பயாஸை ரீசெட் செய்யுங்கள். பவர் கார்டைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சிமாஸ் கிளியர் என்று காட்டும் இரண்டு பின்களைப் பத்து நொடி ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து, பேட்டரியைத் திரும்பப் போடுங்கள். ராம் மீண்டும் பழக நேரம் எடுக்கும், காத்திருங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? வெளியே எடுங்கள்

போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். அதன் நிலைமின்சாரத் தடுப்புப் பையின் மேல் வேண்டாம். அந்தப் பையின் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. போர்டில் ப்ராசஸர், கூலர், ஏ2-வில் ஒரு ராம், 24 பின், 8 பின், இவை மட்டும். உள் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டு. எஸ்எஸ்டி, கேபினெட் ஒயர், யுஎஸ்பி, ஆர்ஜிபி விளக்கு எதுவும் வேண்டாம். பவர் பின்களை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஆன் செய்யுங்கள்.

இங்கே ஓடினால் பழுது கேபினெட்டில் அல்லது கழற்றி வைத்த பாகங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் ஆன் செய்யுங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான். இங்கேயும் ஓடவில்லை என்றால் போர்டு, ப்ராசஸர், ராம், எஸ்எம்பிஎஸ் என்று சந்தேகம் நான்குக்குள் சுருங்கிவிடும். ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த எஸ்எம்பிஎஸ், ராம் இரண்டையும் நண்பரிடம் இரவல் வாங்கி முதலில் மாற்றிப் பாருங்கள். அடுத்து சந்தேகிக்க வேண்டியது போர்டு. ப்ராசஸர் புதிதிலேயே பழுதாக இருப்பது அரிது.

நிலை 4: டிஸ்ப்ளே வருகிறது, விண்டோஸ் வரவில்லை

இது பழுதே அல்ல என்பதுதான் பெரும்பாலும் உண்மை. புது எஸ்எஸ்டி காலியாக இருக்கும். கம்ப்யூட்டர் நேராக பயாஸுக்குப் போகும் அல்லது பூட் டிவைஸ் இல்லை என்று சொல்லும். குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏற்றி அதிலிருந்து தொடங்குங்கள்.

சிபியு ஃபேன் எரர் என்று வந்தால் கூலர் விசிறியின் ஒயரை சிபியு_ஃபேன் என்ற இடத்துக்கு மாற்றுங்கள். ஏஎம்டி போர்டில் புது ப்ராசஸர் மாட்டியதாகவும் எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளைச் சேமிக்கும் பகுதி) ரீசெட் செய்யலாமா என்றும் கேட்டால், டிரைவ் புதியது என்றால் ஒய் அமுக்குங்கள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்ட டிரைவை மாட்டியிருந்தால் மட்டும் அதன் ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

பயாஸில் எம்.2 எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் அது சாடா வகையா, என்விஎம்இ வகையா, அந்த ஸ்லாட் எதை ஏற்கிறது என்று கையேட்டில் பாருங்கள். பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் இன்ஸ்டாலரில் மட்டும் தெரியவில்லை என்றால், 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் போர்டுகளில் விஎம்டி என்ற டிரைவ் நிர்வாக அமைப்பு காரணமாக இருக்கலாம். பயாஸில் அதை அணையுங்கள், அல்லது இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து இன்ஸ்டாலரில் ஏற்றுங்கள்.

எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி வேகத்தை (ராம் பெட்டியில் போட்டிருக்கும் கூடுதல் வேகம்) விண்டோஸ் ஏற்றி முடித்த பிறகே இயக்குங்கள். இயக்கியதும் ராம் மறுபடி பழகும், திரை மீண்டும் சில நிமிடம் கறுப்பாகும். நான்கு ராம் மாட்டியவர்கள் இரண்டு ராமுக்கான வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்: ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ராமில் 5200 மெகாடிரான்ஸ்பர், நான்கில் 3600.

மாற்றித் தரச் சொல்லும் முன்

பழுதான பாகம் எது என்று உறுதியானால் பில்லையும், சீரியல் எண்ணையும், பெட்டியையும் எடுத்துவையுங்கள். போர்டைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால், சாக்கெட்டின் மேல் முதலில் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தேடி மாட்டுங்கள். அது இல்லாமல் அனுப்பினால், வழியில் வளையும் பின்னுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. வளைந்த பின்னுக்குப் பொதுவாக வாரன்டி கிடைக்காது. கொடுக்கும் முன் கடைக்காரரின் கண் முன்னாலேயே சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.